சின்ன சிப்பில் ஒலி அறுபடாமல் ஓட இரண்டு வாளி

நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டான ஆர்டுயினோ ஊனோவை வாங்கி, எல்இடியை மினுக்கவிட்டுப் பார்த்த கையோடு, அடுத்து அதைப் பேச வைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. எங்கே இடிக்கும் என்பதை ஒரு சின்னக் கணக்கே காட்டிவிடும்.

அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ராம் 2 கிலோபைட். நிரல் உட்காரும் ஃபிளாஷ் 32 கிலோபைட். பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்க வினாடிக்கு 16,000 சாம்பிள் (ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்த எண்), சாம்பிளுக்கு ஒரு பைட் என்று சிக்கனமாக வைத்தாலும் வினாடிக்கு 16,000 பைட் வேண்டும். ராம் முழுவதையும் கொடுத்தால்கூட எட்டில் ஒரு வினாடிதான் ஓடும், ‘வணக்கம்’ சொல்லி முடிக்கக்கூடப் பத்தாது. ஃபிளாஷ் முழுவதையும் கொடுத்தால் இரண்டு வினாடி, ஆனால் நிரலை எங்கே வைப்பது? ஆகவே ஒலி வெளியேதான் இருக்க வேண்டும், எஸ்டி கார்டிலோ தனி ஃபிளாஷ் சிப்பிலோ. 16 மெகாபைட் சிப் ஒன்றில் இதே கணக்கில் 17 நிமிடம் பிடிக்கும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. நேரத்துக்குத்தான் இனி தட்டுப்பாடு. 62.5 மைக்ரோவினாடிக்கு ஒரு சாம்பிள் வெளியே போயாக வேண்டும், ஒன்று தாமதமானாலும் காது கண்டுபிடித்துவிடும். வீடியோவில் ஒரு படம் விட்டுப்போனால் கண் பெரும்பாலும் கவனிக்காது, ஒலியில் சின்ன இடைவெளி விழுந்தாலும் ‘டப்’ என்று கேட்கும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாளி இருந்தால் அது காலியானதும் பரிமாறுபவர் சமையல்கட்டுக்கு ஓட வேண்டும், அதுவரை இலை முன்னால் கை நிற்கும். இரண்டு வாளி இருந்தால் ஒன்று பந்தியில் காலியாகும்போதே இன்னொன்று உள்ளே நிரம்பும், வந்தவுடன் மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். பஃபர் என்றால் தரவைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடம், இரட்டை பஃபர் என்பது இந்த இரண்டு வாளிதான். ராமில் 256 பைட் அளவில் இரண்டு அணிகள். டைமர் இன்டர்ரப்ட், அதாவது குறித்த நேரத்துக்கு ஒருமுறை முதன்மை நிரலை இடைமறித்து ஓடும் சின்ன நிரல், ஓர் அணியிலிருந்து சாம்பிளை ஒவ்வொன்றாக எடுத்து, துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலி எழுப்பும் பிடபிள்யூஎம் பகுதியின் பதிவேட்டில் போடும், முதன்மை நிரல் அந்த நேரத்தில் கார்டிலிருந்து மற்ற அணியை நிரப்பும். ‘இந்த வாளி காலி’ என்று இன்டர்ரப்ட் ஒரு கொடியை உயர்த்தினால் போதும். அந்தக் கொடி மாறியை வோலடைல் (எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது) என்று அறிவிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கம்பைலர் அதைத் திரும்பப் படிக்காமலே விட்டுவிடக்கூடும். இன்டர்ரப்ட்டுக்குள் கார்டைத் தொடவே கூடாது, பரிமாறுகிறவரே சமையல்கட்டுக்கு ஓடுகிற கதைதான் அது.

512 பைட்டாக வைத்தால் இன்னும் நிம்மதிதானே என்று தோன்றும். இரண்டு பஃபருக்கு 1,024 போய்விடும், ஆர்டுயினோவின் எஸ்டி நூலகம் தன் பங்குக்கு ஒரு 512 எடுத்துக்கொள்ளும், மிச்சமிருக்கும் 512-க்குள் மற்ற மாறிகளும், சார்புகள் ஓடும்போது தற்காலிகமாகப் பிடிக்கும் இடமான ஸ்டாக்கும் அடங்க வேண்டும். ஸ்டாக் வழிந்து பஃபரில் ஏறினால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஒலியில் கரகரப்பு வரும், அல்லது போர்டு தானாக ரீசெட் ஆகும். அதனால்தான் 256 என்றேன்.

256 பைட் என்றால் ஒரு வாளி 16 மில்லிவினாடி தாங்கும். எஸ்டி கார்டு சாதாரணமாக இரண்டொரு மில்லிவினாடியில் ஒரு செக்டரை (512 பைட் துண்டை) கொடுத்துவிடும், சராசரியைப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் கார்டுக்குள்ளும் ஒரு சின்னக் கணினி இருக்கிறது, அது தன் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்லும் நேரங்களும் உண்டு. ஒருமுறை தரவைப் படித்துத் தர 100 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்ள எஸ்டி விதிமுறையே அனுமதிக்கிறது. நம் வாளியைத் தீர்மானிக்க வேண்டியது அந்த மிக மோசமான காத்திருப்பு. கோப்பு கார்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் அடுத்த துண்டு எங்கே என்று பார்க்க கோப்பின் துண்டுகள் இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கும் ஃபேட் அட்டவணையையும் படிக்க நேரும், அதுவும் சேர்ந்துகொள்ளும். கார்டைப் புதிதாக ஃபார்மேட் செய்து கோப்புகளை ஒரே மூச்சில் ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

ஒலிகள் மாறாதவை என்றால், அதாவது மணி, எச்சரிக்கை, நாலைந்து அறிவிப்பு மட்டும்தான் என்றால், நான் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பைத்தான் (சில கம்பிகள் வழியே தொடர்ச்சியாகத் தரவு அனுப்பும் எஸ்பிஐ முறையில் இணைவது) எடுப்பேன். கட்டளை ஒரு பைட், முகவரி மூன்று பைட் அனுப்பினால் போதும், அதற்கப்புறம் அது வரிசையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கோப்பு முறையும் இல்லை, எதிர்பாராத தாமதமும் இல்லை. ஒலி ஓடும்போது அதே சிப்பில் எழுத மட்டும் கூடாது. எழுதும் முன் 4 கிலோபைட் பகுதியை அழிக்க வேண்டும், அதற்குப் பத்துக்கணக்கான மில்லிவினாடி ஆகும், அதுவரை சாதாரணப் படிப்புக் கட்டளைக்கு அது பதிலே தராது.

இன்னொன்று. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பின் தலைப்பு 44 பைட் என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவார்கள். எடிட்டர் மென்பொருள்கள் பாடல் பெயர் போன்ற தகவலை முன்னாலோ பின்னாலோ செருகிவைப்பதுண்டு, அந்த எழுத்துகளும் ஒலியாக ஓடி முடிவில் ஒரு ‘கிர்’ரைக் கிளப்பும். ‘டேட்டா’ என்ற பகுதியைத் தேடி, அதில் சொன்ன நீளத்தோடு நிறுத்துங்கள். வாளி காலியாகிவிட்டால் பூஜ்யத்தை அனுப்பாதீர்கள், 8 பிட் வேவில் அமைதி என்பது 128. கடைசி சாம்பிளையே பிடித்து நிறுத்தினால் இடைவெளி அவ்வளவாக உறுத்தாது.

கார்டிலிருந்து ஒவ்வொரு முறை படிக்க ஆகும் நேரத்தையும் ஆர்டுயினோவின் மைக்ரோஸ் சார்பால் அளந்து, அதிகபட்சத்தை மட்டும் சேமித்து, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். 16 மில்லிவினாடியைத் தாண்டி 25 என்று காட்டினால், ராமில் இடம் தேடி அலைவதற்கு முன் வினாடிக்கு 8,000 சாம்பிளாக இறக்கிப் பாருங்கள். அதே 256 பைட் இப்போது 32 மில்லிவினாடி தாங்கும். பாட்டுக்கு அது காணாது, பேச்சுக்குப் போதும். டிஜிட்டல் தொலைபேசி இணைப்புகள் பல பத்தாண்டுகளாக அந்த 8,000-த்தில்தான் நம் குரலைக் கொண்டுபோயின.