பழி மட்டும் கார்புரேட்டருக்கு

பழைய கார் திணறத் தொடங்கியதும் பலர் முதலில் கை வைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில்தான். பினாங்கில் முப்பது ஆண்டுகளாகப் பழைய கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ஒரு குற்றமும் செய்யாத எத்தனையோ கார்புரேட்டர்கள் கழற்றப்பட்டு, திருகு மரை தேய்ந்து, கடைசியில் குப்பைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு இன்று மாற்றே கிடைப்பதில்லை. வயிறு எரிகிறது.

சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் தந்தையார் வாங்கிய 1964-ஆம் ஆண்டு மோரிஸ் மைனரைக் கொண்டுவந்தார். 1098 சிசி எஞ்சின். ஜார்ஜ்டவுன் தெருக்களில் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டி பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போகும் கடலோர வளைவுகளில் மட்டும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல வெட்டி வெட்டி ஓடும். நான்கு மாதத்தில் இரண்டு பட்டறைகள் பார்த்துவிட்டார். கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, பிளக்குகள் எல்லாம் புதியவை.

"தம்பி, இனி மாற்றுவதற்கு இந்தக் காரில் என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஐயா, அது எப்போது திணறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

அதுவரை அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. சற்று யோசித்தார். ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் வைத்திருந்தால் தொல்லை இல்லை. மிதிக்கும் நொடியிலும் காலைத் தளர்த்தும் நொடியிலும்தான் வெட்டுகிறது என்றார். வளைவுக்கு வளைவு மிதித்தும் தளர்த்தியும் ஓட்டவேண்டிய சாலை அது. பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே, திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் மின்முனையான பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. மிதியை அழுத்தும்போதும் விடும்போதும் கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சு விசை மாறும். அதற்கேற்ப அந்தத் தட்டு சில பாகை திரும்பி, தீப்பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்றும். தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலையும் இணைக்க விரல் நீளம்கூட இல்லாத ஒரு மெல்லிய கம்பி உண்டு. பார்வைக்கு அது முழுமையாகத்தான் இருந்தது. சாமணத்தால் மெல்ல இழுத்தேன். மேலுறை ரப்பர் போல நீண்டு கொடுத்தது. அறுபது ஆண்டுகள் அசைந்து அசைந்து உள்ளே இருந்த செம்பு இழைகள் எல்லாம் அறுந்திருந்தன. அறுந்த முனைகள் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்வரை எஞ்சின் ஓடும். தட்டு திரும்பி முனைகள் விலகினால் அந்த நொடி தீப்பொறி இல்லை. வளைந்து கொடுக்கும் மெல்லிழைக் கம்பியில் ஒரு துண்டைப் பற்றவைத்தேன். பொருளுக்கான செலவு பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்தி, கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சிறு குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் மட்டும் கழற்றி, அந்த முனையை வாயால் உறிஞ்சுங்கள். தட்டு நகரவேண்டும். நாக்கால் அடைத்துப் பிடித்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்கவேண்டும். உடனே திரும்பி வந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கிறது. அதுவும் திணறலுக்கு ஒரு காரணம்.

இனி, ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகார். இதில் இரண்டு வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன: எஞ்சின் சுழலவே மறுப்பது ஒன்று, நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாதது மற்றொன்று. முதலாவதில் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது 9.6-க்குக் கீழே போகக்கூடாது. பேட்டரி சரியாக இருந்தும் முக்கினால், பேட்டரியைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பியைச் சந்தேகியுங்கள். கடல் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் பாடியோடு அந்தக் கம்பி சேரும் இடத்தில் துரு ஏறிவிடும். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரை இயக்குங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: 1960-களின் பிற்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை. அதைக் கவனிக்காமல் வேறு காரிலிருந்து மின்சாரம் கொடுக்க முனைவதும், நெகட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்துவதும் பெரிய சேதத்தில் முடியும்.

சுழன்றும் பற்றாத எஞ்சினில் முதலில் தீப்பொறி, பிறகுதான் பெட்ரோல். மைனரில் உள்ள லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக்குக்கு 0.64. மழை இரவுக்குப் பிந்திய காலையில் மட்டும் அடம்பிடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைத் துடைத்து டார்ச் விளக்கில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மயிரிழைக் கோடு தெரிந்தால், மின்சாரம் அந்த வழியே கசிகிறது. அந்த மூடி இனி உதவாது.

சூடானபின் அடம்பிடிப்பது வேறு கதை. தைப்பூச நாளில் தண்ணீர்மலைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்துவிட்டு, சற்று நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது மைனர் படுத்துக்கொள்ளும். அதன் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகைக்குழாயின் தலை இருக்கிறது. எஞ்சின் நின்றதும் வெப்பம் மேலேறி பெட்ரோலை ஆவியாக்குகிறது. அப்போது, குளிர்ந்த எஞ்சினுக்காகக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுப்பது தவறு. மிதியைப் பாதிக்குமேல் அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதியைத் திரும்பத் திரும்ப உதைக்கவேண்டாம்: மைனரில் உள்ள எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் அதனால் பயன் இல்லை. டாட்சன் 120ஒய் போன்ற கார்களில் ஒவ்வொரு உதைக்கும் கார்புரேட்டரின் சிறு பம்பு பெட்ரோலைப் பீய்ச்சுவதால், பெட்ரோல் வெள்ளமாகி பிளக் நனைந்துவிடும். இதே அறிகுறியைப் பாயிண்ட்டோடு இணைந்த சிறு மின் உறுப்பான கண்டென்சரும் காட்டும் என்பதால், கார் படுத்திருக்கும் அந்த நேரத்திலேயே தீப்பொறியைப் பார்க்கவேண்டும். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். புதிய கண்டென்சர் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். இப்போது வருபவற்றில் சில, மாட்டிய மாதத்திலேயே போய்விடுகின்றன. பழையது நன்றாக இருந்தால் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வைத்திருங்கள்.

கார்புரேட்டர்மீது உண்மையாகவே குற்றம் இருக்கும் நேரமும் உண்டு. அப்போதும் பெரும்பாலும் சிறு குறைதான். எஸ்.யு. கார்புரேட்டரின் தலையில் உள்ள மூடியைத் திருகினால் ஒரு மெல்லிய தண்டு வரும். அது எண்ணெயில் மூழ்கியிருக்கவேண்டும். எண்ணெய் வற்றினால், மிதித்ததும் உள்ளிருக்கும் பிஸ்டன் படபடவென்று ஏறிவிடும், கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் இருமும். எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் சில துளிகள் விட்டால் போதும். 120ஒய் போன்றவற்றில், எஞ்சின் ஆறி நிற்கும்போது காற்று வடிகட்டியைக் கழற்றி, கையால் த்ராட்டிலை அசைத்து உள்ளே பாருங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சவேண்டும். சொட்டினால் அங்குள்ள சிறு பம்பு போய்விட்டது.

கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நிற்கும் காரில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

ஸ்டார்ட் ஆகாத காரின் கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த, ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருந்த சீனப் பெரியவரின் வலது முன்கை முழங்கைவரை முடியே இல்லாமல் மெழுகு போலப் பளபளக்கும். எஞ்சின் ஒருமுறை பின்னடித்ததில் வெளியே வந்த சுவாலை செய்த வேலை அது. கையில் தீயணைப்பான் இல்லாமல் பெட்ரோல் வேலையைத் தொடாதீர்கள். கதவடைத்த போர்ச்சில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். புகையில் உள்ள, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

ஆசிரியர் தம்முடைய பழைய கார்புரேட்டரைப் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். புதியது மலிவான நகல். அதை எடுத்துவிட்டு, பழையதைச் சுத்தம் செய்து மாட்டினோம். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. முந்தைய வேலையில் பெட்ரோல் பாதைக்கு யாரோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டிருந்தார்கள். அது பழுத்து மஞ்சளாகி, சூடான புகைக்குழாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வெடித்திருந்தது. விரலை வைத்தால் ஈரம். கார் திணறியதுகூடப் பொறுக்கலாம்; இது அவரையும் பின்னிருக்கையில் இருக்கும் பேத்தியையும் எரித்திருக்கும். ஜே30 ஆர்9 என்ற தரக்குறியை மேலே அச்சிட்ட பெட்ரோல் ஹோஸை அளந்து வெட்டிப் போட்டு, இரண்டு முனைகளிலும் கிளிப் இறுக்கிய பிறகுதான் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.