அட்டெலியே: சிராய் விழும் இடம்

ஸ்டூடியோ என்றால் நமக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை. இல்லையென்றால் சினிமா படப்பிடிப்புத் தளம். பின்லாந்தில் உள்ள விட்ரெஸ்க் வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, 'மூன்று கட்டடக் கலைஞர்களின் ஸ்டூடியோ வீடு' என்று ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ மூன்று பேர் போட்டோ பிடித்துப் பிழைத்த மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

ஹெல்சிங்கியிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர், கிர்க்கோநும்மி பகுதியில், காட்டுக்கு நடுவே ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது அந்த வீடு. ஹெர்மன் கெஸெல்லியஸ், அர்மாஸ் லிண்ட்கிரென், எலியெல் சாரினென் மூவரும் 1896இல் கூட்டாகத் தொழில் தொடங்கினார்கள். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர்கள் கட்டிய பின்லாந்து மண்டபம் பெயர் வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டே நகரத்துக்கு வெளியே இந்த இடத்தில் வேலையை ஆரம்பித்து, 1903க்குள் குடியும் வந்துவிட்டார்கள். கீழே கருங்கல், மேலே மரக்கட்டைச் சுவர், செங்குத்தாக இறங்கும் கூரை. உள்ளே குடும்பங்கள் வாழ்ந்த அறைகள்; அவற்றோடு சேர்ந்தாற்போல், மூவரும் வரைபலகைகளைப் போட்டுக்கொண்டு வேலை செய்த நீண்ட பொதுக்கூடம். பின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் அந்தக் கூடத்துக்குப் பெயர் அட்டெலியே.

பிரெஞ்சுச் சொல் அது. பழைய பிரெஞ்சில் 'அஸ்தெல்' என்றால் மரச் சிராய், சீவும்போது தெறிக்கும் துண்டு. அது லத்தீனிலிருந்து வந்தது. அங்கே மூலம் 'அஸ்ஸிஸ்', பலகை. சிராய் குவிந்து கிடக்கும் இடம், அதாவது தச்சன் வேலை செய்யும் இடம், அட்டெலியே ஆயிற்று. ஓவியர்களும் சிற்பிகளும் பின்னால்தான் அதற்குள் வந்தார்கள். ஸ்டூடியோவின் கதை வேறு. 'ஸ்டூடியம்' என்னும் லத்தீன் சொல்லுக்கு ஆர்வம், ஊன்றிப் படிப்பது என்று பொருள். இத்தாலிய மொழி வழியாக வந்தது. ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு வந்த சொல், மற்றது மூளையை. மரத்தால் கட்டிய வீட்டுக்கு முதலாவதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

தச்சனைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. ஆர்க்கிடெக்ட் என்பதும் கிரேக்கத்தில் 'தலைமைத் தச்சன்'தான். அதை நம்மவர்கள் தமிழில் வெகு காலம் முன்பே வைத்திருந்தார்கள்: பெருந்தச்சன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'இராசராசப் பெருந்தச்சன்' என்று ஒருவருக்குப் பட்டமே இருக்கிறது. 'கட்டடக் கலைஞர்' புழங்கிவிட்ட சொல், அதை மாற்றச் சொல்லவில்லை; ஆனால் அதில் உளியின் சத்தம் இல்லை.

வீட்டின் பெயரையும் பார்த்துவிடலாம். ஸ்வீடிஷில் 'விட்' வெள்ளை. 'த்ரெஸ்க்' பொதுவாகச் சதுப்பு நிலம். பின்லாந்தின் ஸ்வீடிஷ் ஊர்ப்பெயர்களில் ஏரி. ஆக வெள்ளை ஏரி. 1906 எழுத்துச் சீர்திருத்தம் 'விட்' முன்னால் ஒலிக்காமல் நின்ற 'ஹ' எழுத்தை எடுத்துவிட்டது. ஏரி புது எழுத்துக்கு மாறிக்கொண்டது. வீடு மட்டும் பழைய எழுத்தை இன்றும் பலகையில் வைத்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன? 'கலைக்கூடம்' என்றால் படம் மாட்டி வைத்த இடம் நினைவுக்கு வருகிறது. 'பட்டறை' அருமையான சொல். 'பட்டடை' என்பதிலிருந்து வந்தது. 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை' என்று குறளில் (821) வருவது கொல்லனின் அடைகல். ஆனால் பட்டறையில் இரும்பு அடிக்கலாம், இப்போது கவிதையும் எழுதலாம், குடியிருக்க முடியாது.

மிஞ்சுவது பணிமனை. மனை என்றால் வீடு, அங்கிருந்துதான் மனைவி. பணியும் மனையும் ஒரே கூரையின் கீழ் என்பதை இரண்டே உறுப்பில் சொல்லிவிடுகிறது. விட்ரெஸ்கில் அதுதானே நடந்தது? சாரினெனின் மகன் ஏரோ 1910இல் பிறந்து, அப்பாவின் வரைபலகைகளுக்கு நடுவே வளர்ந்து, பின்னாளில் அவரும் பேர்போன கட்டடக் கலைஞர் ஆனார். 1905இல் லிண்ட்கிரென் பிரிந்து போனார், 1916இல் கெஸெல்லியஸ் இறந்தார், 1923இல் சாரினென் குடும்பம் அமெரிக்கா போயிற்று. இப்போது அது அருங்காட்சியகம். (இலங்கைத் தமிழில் 'நூதனசாலை'. பழையதை வைக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயர்; எனக்குப் பிடிக்கும்.)

ஆகவே வரியைத் திருத்தி, 'மூன்று பெருந்தச்சர்களின் பணிமனை, இன்று அருங்காட்சியகம்' என்று எழுதி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "பஸ் டிப்போவைப் பார்க்க அவ்வளவு தூரமா?" என்று பதில் வந்தது.