சாய்ந்த சக்கரங்கள், 14 புள்ளிகள்

கூடைப்பந்துக்கான சக்கர நாற்காலியை முன்னாலிருந்து பார்த்தால், பெரிய சக்கரங்கள் இரண்டும் மேலே நெருங்கி, கீழே விலகி நிற்கும். ஏதோ உடைந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். தரையைத் தொடும் இடங்கள் அகலமாக இருப்பதால், வேகமாகத் திரும்பும்போது நாற்காலி பக்கவாட்டில் கவிழாது. சக்கரத்தின் மேற்பகுதி உடம்பை ஒட்டி வருவதால் தள்ளுவதும் எளிது. இரண்டு நாற்காலிகள் மோதினால் முதலில் இடிப்பது சக்கரங்களின் அடிப்பகுதி, அதனால் விரல்கள் தப்பும்.

பின்னால் குட்டிச் சக்கரம் ஒன்றும் இருக்கும். சட்டென்று திரும்ப வசதியாக ஆட்டக்காரரின் எடை பெரிய சக்கரங்களின் அச்சுக்குப் பக்கத்திலேயே விழும்படி அமைத்திருப்பார்கள். அதனால் வேகமாகத் தள்ளினால் நாற்காலி பின்பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தாங்கத்தான் அந்தக் குட்டிச் சக்கரம்.

சரி, விதிகள்? கூடை அதே 3.05 மீட்டர் உயரம்தான், மைதானமும் அதே 28க்கு 15 மீட்டர்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். அதற்குள் தரையில் தட்டவோ, பாஸ் செய்யவோ, எறியவோ வேண்டும், இல்லையென்றால் டிராவலிங் என்ற குற்றமாகிவிடும். தட்டி நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் இங்கே குற்றமில்லை. நியாயம்தான், சக்கரத்தைத் தள்ளுவதற்கும் பந்தைத் தட்டுவதற்கும் இருப்பது அதே இரண்டு கைகள்.

உட்கார்ந்தபடி எறிவது எவ்வளவு கடினம்? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து, அதாவது யாரும் மறிக்காமல் தண்டனை எறிதல் எறியும் கோட்டிலிருந்து, கூடையின் நடுப்புள்ளி சுமார் 4.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிற்பவர் 2.1 மீட்டர் உயரத்திலும், உட்கார்ந்திருப்பவர் 1.6 மீட்டர் உயரத்திலும் பந்தை விடுவதாக வைத்துக்கொள்வோம். பந்து கூடையை எட்டத் தேவையான குறைந்தபட்ச வேகம் முதலாமவருக்கு நொடிக்கு ஏறக்குறைய 7.2 மீட்டர், இரண்டாமவருக்கு 7.6 மீட்டர். வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே சுமார் 12 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். எறியும் கோணமும் 51 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். இதில் முழங்காலை மடக்கி எம்பும் உதவி கிடையாது, எல்லாம் தோளும் கையும் மணிக்கட்டும்தான்.

இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் கவர்வது எறிதல் அல்ல, மறித்தல். நிற்கும் ஆட்டக்காரர் ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்து விலகிப் போய்விடலாம். நாற்காலி பக்கவாட்டில் நகராது. எதிரியின் பாதையில் முந்திப் போய் நாற்காலியை நிறுத்திவிட்டால், அவர் பின்வாங்கி, திருப்பி, சுற்றித்தான் வர வேண்டும். அந்த ஓரிரு நொடியில் மறித்தவரின் அணியைச் சேர்ந்த இன்னொருவர் கூடையடிக்குப் போயிருப்பார். மறிப்பதற்கு உயரமோ தசைவலிமையோ முக்கியமில்லை, சரியான இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தால் போதும்.

ஆட்டக்காரர்களை வகைப்படுத்தும் புள்ளி முறையின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில், உடலை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்த முடிகிறது என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள். வயிறு, முதுகுத் தசைகளின் துணை கிடைக்காதவருக்கு 1.0. எல்லாப் பக்கமும் சாய்ந்து எழக்கூடியவருக்கு 4.5. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14.0ஐத் தாண்டக் கூடாது. ஐந்து பேருமே 4.5 என்றால் 22.5 ஆகிவிடுமே! 4.5, 4.5, 3.0, 1.0, 1.0 என்றால் சரியாக 14. அந்த 1.0 ஆட்டக்காரர் கணக்குக்காக உட்கார்ந்திருப்பவர் அல்ல. எதிரணியின் 4.5 ஆளை வழியில் மறித்து நிறுத்துவது பெரும்பாலும் அவர்தான்.

இரண்டாம் உலகப்போரில் காயமடைந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1940களில் தொடங்கிய ஆட்டம் இது. 1960இல் ரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது.

பள்ளியில் அறிமுகப்படுத்தும்போது ஊனம் உள்ளவர், இல்லாதவர் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து சேர்ந்தே ஆடலாம். பந்தைக் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது. முதலில் நேராகப் போகவும், நிற்கவும், ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி நின்ற இடத்திலேயே சுழலவும் பழகட்டும். அப்புறம் பந்தே இல்லாமல் ஒருவரையொருவர் மறிக்கும் ஆட்டம் ஒன்று வைத்தால், புள்ளி முறையைத் தனியாக விளக்கும் வேலை பாதி மிச்சம்.