எஃப்-68 வேறு, எல்-61 வேறு

செல் வளர்ப்பு லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் பலர் பாட்டிலில் 'புளூரானிக்' (செல் வளர்ப்பில் சேர்க்கும் ஒரு பாலிமர் குடும்பம்; எஃப்-68, எல்-61 எல்லாம் அதன் வகைகள்) என்று இருந்தாலே போதும், எல்லாம் ஒரே சரக்குதான் என்று எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். செல் பிழைப்பதும் சாவதும் அதில்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் நடுவில் கொழுப்போடு ஒட்டும் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு, இரண்டு பக்கமும் தண்ணீரோடு ஒட்டும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. எஃப் என்றால் செதில், எல் என்றால் திரவம். 6 என்ற இலக்கத்தை 300ஆல் பெருக்கினால் நடுப்பகுதியின் மூலக்கூறு எடை, சுமார் 1800. கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் நீர்ப்பகுதியின் சதவீதம். ஆக இரண்டுக்கும் நடுப்பகுதி ஒன்றேதான், ஓரங்கள்தான் 80%, 10% என்று மாறுகின்றன.

அந்த வித்தியாசம் போதும். எல்-61 செல்லின் சவ்வில் உள்ள லிப்பிடு (கொழுப்பு) அடுக்குக்குள் புகுந்து அதை இளக்கிவிடும், அளவு கூடினால் சவ்வு ஒழுகும். எஃப்-68க்கு நீர்ப்பகுதி நீளம் என்பதால் நல்ல சவ்வுக்குள் ஆழமாகப் போகாது. சவ்வு சேதமாகி லிப்பிடுகள் தளர்ந்த இடத்தில்தான் நுழையும், அவை மறுபடி நெருங்கியதும் வெளியே தள்ளப்பட்டுவிடும். மின்சாரத்தால் ஓட்டையான தசைச் செல்களை இதை வைத்தே மூட முடியும் என்று ஆய்வாளர் ராஃபேல் லீயின் குழு 1992ல் காட்டியது, எனக்கு இன்றும் வியப்பான வேலை அது.

பி-85 இன்னொரு வகை. செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பையே அது முடக்கும், அதனால் மருந்து உள்ளே போகும் அளவைப் பார்க்கும்போது பாலிமர் மட்டும் போட்ட கிணறுகளும் (செல் வளர்க்கும் தட்டில் உள்ள சிறு குழிகள்), பாலிமரே இல்லாமல் மருந்து மட்டும் போட்ட கிணறுகளும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பாலிமர் செய்த வேலையை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

சரி, செல்களைப் பெரிய அளவில் வளர்க்கும் தொட்டியான பயோரியாக்டருக்கு வருவோம். காற்றுக்குமிழி மேலே வந்து வெடிக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் செல்கள் கிழிந்து சாகின்றன; அந்த ஒட்டுதலைத் தடுக்கத்தான் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் எஃப்-68 போடுகிறோம். ஆனால் எல்லா லாட்டும் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கு) ஒரே மாதிரி காப்பாற்றுவதில்லை, தரச் சான்றிதழ் சரியாக இருந்தும் செல்கள் சாவதைப் பார்த்திருக்கிறேன். புது லாட்டை ரியாக்டரில் ஊற்றும் முன் தடுப்புள்ள குடுவையில் வேகமாகக் குலுக்கி, நல்ல லாட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம், பாட்டிலை வெளிச்சத்திலும் சூட்டிலும் வைக்காதீர்கள்: ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடு உண்டாகும், அது சவ்வின் லிப்பிடுகளையே தாக்கும்.