அபிலேஷன் செய்தாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. அதற்காக அபிலேஷன் (குழாய் வழியாக இதயத்துக்குள் தழும்பு போடும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ஈசிஜி நார்மலாயிடுச்சே டாக்டர், இனி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எதுக்கு?" சிலர் கேட்பதுகூட இல்லை. தாங்களாகவே நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள்.

1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். தாறுமாறான துடிப்பைக் கிளப்பிவிடும் மின்பொறிகளில் 94 சதவீதம், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள்ளேயே பிறப்பதைக் கண்டார்கள். இன்றைய அபிலேஷனுக்கு அடிப்படை அதுதான். தொடை இடுக்குச் சிரை வழியாகக் குழாயை ஏற்றி, மேலறைகளின் நடுச்சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் போகிறோம். வயலுக்கு வரப்பு கட்டுவதுபோல அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு போடுகிறோம். சூடு வைப்பது, பலூனால் உறைய வைப்பது, புதிதாக வந்துள்ள மின்துடிப்பு முறை என்று கருவிகள் பல உண்டு.

படபடப்பும் மூச்சிரைப்பும் அடங்கும், பலருக்கு நன்றாகவே. ஆனால் 2019-ல் வெளியான கபானா ஆய்வில், 2,200-க்கும் மேற்பட்டவர்களிடம் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தையும் அபிலேஷனையும் ஒப்பிட்டபோது, மரணம், கடும் பக்கவாதம் போன்றவற்றில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தாறுமாறான துடிப்பு திரும்புவது குறைந்தது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. கையெழுத்து வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன்.

மாத்திரை கொடுப்பதே, மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமல் தடுக்கத்தான். அந்த ஆபத்தை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். அபிலேஷன் செய்துவிட்டதால் வயது குறைந்துவிடாதே! அப்புறம், கோளாறு திரும்பி வந்தாலும் முன்போலப் படபடப்பு தெரியாமலே வரலாம். ஈசிஜி பிடிப்பது வெறும் பத்து நொடியைத்தான். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் மாத்திரை உண்டு. அதன் பிறகு, ஆபத்து அதிகமுள்ளவர்கள் தொடர வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) சுருங்கியவர்கள் கதை வேறு: அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் என்ற பழைய உறைதல் தடுப்பு மாத்திரைதான்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று. இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல உணவுக்குழாய் போகிறது. சூடு பட்டு அது புண்ணாகி, சில வாரங்கள் கழித்து இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. அபிலேஷன் முடிந்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் சாதாரணக் காய்ச்சல், அல்சர் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு உடனே மருத்துவமனைக்குப் போய், அபிலேஷன் செய்ததை முதலிலேயே சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியது நெஞ்சு சிடி ஸ்கேன். எண்டோஸ்கோபி கூடாது, அதில் செலுத்தும் காற்று அந்தத் துளை வழியாக இதயத்துக்குள் நுழைந்து மூளைக்கு ஏறிவிடும். யாராவது எண்டோஸ்கோபி என்று பேச்செடுத்தால், அபிலேஷன் செய்த மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.