பஸ் குறைந்தால் கார்க்காரருக்கும் தாமதம்தான்

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும் சாலையில் மாட்டிக்கொண்ட கார்க்காரர் முன்னால் நிற்கும் பஸ்ஸைத்தான் திட்டுவார். அது ஆள் ஏற்ற நிற்கிறது, பின்னால் வரிசை நீள்கிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டிகளுக்கு நடுவே இரண்டு நொடி இடைவெளி என்றால், தடையில்லாத ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார்கள் போகலாம். காருக்கு இரண்டு பேர் வீதம் 3,600 பேர். ஒரு பஸ் ஏறக்குறைய மூன்று கார்களின் இடத்தை எடுக்கும். மணிக்கு 60 பஸ் விட்டால் 180 கார்களின் இடம், அதாவது தடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அந்த ஒரு பங்கில், பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் 3,000 பேர் போவார்கள்! மீதியில் 1,620 கார்களும் ஓடலாம். சந்திப்புகளும் நிறுத்தங்களும் இந்த எண்களைக் குறைக்கும்தான். ஆனாலும் பஸ்ஸின் கை ஓங்கியே இருக்கும்.

சரி, சாலையை அகலமாக்கினால்? 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. சாலையோரம் முழுக்க வீடும் கடையும். மார்த்தாண்டம் மேம்பாலம் ஊரைக் கடந்து போகிறவர்களுக்கு நிஜமான உதவி. ஆனால் புதிய இடம் காலியாகவே கிடக்காது என்று அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டௌன்ஸ் 1962-லேயே எழுதினார். வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், பஸ்ஸில் போனவர் எல்லோரும் அங்கே வந்து சேர்வார்கள்.

மூன்றாமவர் மாறுவதுதான் பெரிய சேதம். பஸ்ஸில் ஆள் குறையும், கலெக்‌ஷன் குறையும், டிரிப்பை வெட்டுவார்கள். காத்திருப்பு நீளும், இன்னும் சிலர் பைக் வாங்குவார்கள். கடைசியில் கார் முன்பைவிட மெதுவாகப் போகும் நிலைகூட வரலாம். இதற்கு டௌன்ஸ்–தாம்சன் முரண் என்று பெயர்.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்களுக்கு இப்போது பெரிய செலவு காத்திருப்புதான். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர், அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 15 நிமிடம் நிற்பார். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 5 நிமிடம்தான். முதலில் இதற்குப் பணம் போட வேண்டும் என்பேன். அப்புறம், பஸ் ஒதுங்கி நிற்க நிறுத்தங்களில் இடம் ஒதுக்கினால் கார்க்காரரின் திட்டும் பாதி குறையும்.