மரபுவழி ஆட்படுநிலை

தொண்டி, மண்டபம், பாம்பன் பக்கம் ஒரே வீட்டில் இருவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டால், ‘பரம்பரை நோய்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும். அந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குவார்கள். ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் நோயன்று, நோய்க்கு எளிதில் ஆளாகும் நிலை. மருத்துவர்கள் இதைச் ‘சஸெப்டிபிலிட்டி’ என்பார்கள். கீழிருந்து ஏந்திக்கொள்வதைக் குறிக்கும் இலத்தீன் வினையில் பிறந்த சொல்.

தமிழில் ‘ஏற்புத்திறன்’ என்று எழுதுவோர் உண்டு. காந்தவியலுக்கு அது சரி; புற்றுக்கு ஆளாவதைத் திறன் என்பது எனக்கு ஒப்பவில்லை. ‘ஆட்படுதல்’ நம்மிடம் பழைய சொல். பக்திப் பாடல்களில் இறைவனுக்கு அடிமையாவதைக் குறிக்கும். ஆகவே ‘ஆட்படுநிலை’.

துருக்கியின் கப்படோக்கியாவில் கராயின், துஸ்கோய் ஆகிய சிற்றூர்களின் வீட்டுக் கற்களிலேயே எரியோனைட் என்னும் இழைக்கனிமம் இருந்தது. நுரையீரலைப் போர்த்திய மெல்லுறையில் தோன்றும் மீசோதீலியோமா, அதாவது இடைத்தோலியப் புற்று, அங்கே ஏராளமானோரைக் கொன்றதை 1970களில் மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷ் வெளிக்கொணர்ந்தார். சில குடும்பங்களில் அது கொத்தாக வந்ததால் மரபின் பங்கும் ஆராயப்பட்டது. பின்னர் 2011இல், அமெரிக்கக் குடும்பங்கள் இரண்டில் பிஏபி1 மரபணுவின் பிறவிப் பிழை இதே புற்றுக்கு வழிவிடுவது தெரியவந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அப்பிழை இருந்தால் பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

இதே புற்றை உண்டாக்கும் கனிமங்களில் நம் கரையில் பேச வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ். கிரேக்கத்தில் ‘அணையாதது’ என்று பொருள். தமிழில் கல்நார், கல்லாய் இருந்தும் நார்நாராகப் பிரிவதால் வந்த பெயர், கிரேக்கத்தைவிடத் துல்லியமானது. உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும், ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதால் இது கலந்த சிமெண்ட் ஷீட் மீனவர் வீடுகளின் மேல் ஏறியது. உடையாத ஷீட்டால் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் புயலில் நொறுங்கும்போதும் கிளம்பும் தூசுதான் கெடுதல். மூச்சில் போன இழை புற்றாகத் தெரியவர 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம்.

பிஏபி1 மரபணுப் பிழை உள்ளவருக்குக் கண், சிறுநீரகம், தோல் ஆகியவற்றிலும் புற்று வரலாம் என்பதால் தொடர் பரிசோதனை தேவை. அதற்காக அவரை இப்போதே ‘புற்றுநோயாளி’ என்று எழுதக் கூடாது. ‘ஆட்படுநிலை உடையவர்’ என்றே குறிக்கலாம்.